அரை டாலர் வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள்

அமெரிக்க அதிபர் கென்னடியின் தலை பொறித்த அரை டாலர் காசு என்றாலே வெள்ளி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். 1874 முதல் 1964 வரையிலான அமெரிக்க அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி, எடை 12.50 கிராம், அதில் வெள்ளி 11.25 கிராம். 1965 முதல் 1970 வரை 40 சதவீதம்தான், 11.50 கிராம் எடையில் வெள்ளி 4.60 கிராம். 1971 முதல் புழக்கத்துக்கு வந்தவை வெறும் செம்பு, நிக்கல், 11.34 கிராம்.

பின்னிரண்டையும் தராசால் பிரிக்க முயலாதீர்கள், காசுக்குக் காசு எடை அந்த வித்தியாசத்துக்கும் மேலே மாறும். ஆண்டுதான் சொல்லும். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 'எஸ்' குறி உள்ள 1976 காசு மட்டும் இரண்டு வகையிலும் உண்டு. விளிம்பில் செம்புக்கோடு பளிச்சென்று தெரிந்தால் அது வெள்ளி இல்லை. காந்தம் ஒட்டவில்லை என்பதெல்லாம் சாட்சியே அல்ல, செம்பு நிக்கலிலும் காந்தம் ஒட்டாது.

கென்னடி காசுக்கு முந்தைய 'நடக்கும் சுதந்திர தேவி' அரை டாலர்கள் (1916–1947) நன்றாகத் தேய்ந்திருந்தால் 12 கிராமுக்குப் பக்கத்தில் நிற்பது சகஜம். புதுசாகப் பளபளக்கும் காசு அந்த எடை காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். டென்வர் நாணயச்சாலையின் 'டி' குறி உள்ள 1938 காசு 4,91,600 மட்டுமே அடிக்கப்பட்டது, அதனால் சாதாரண 1938 காசில் 'டி' ஒட்டி ஏமாற்றுகிறார்கள். பின்பக்கம் இடது கீழ் ஓரத்தில் உள்ள அந்த எழுத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடோ நிற மாற்றமோ இருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

போலியைவிட அதிகக் காசுகளைக் கெடுப்பது துலக்குவதுதான். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடும் திருநீறு, பற்பசை, சோடா எதுவும் காசின் மேல் படவே கூடாது. கறுப்பு, நீலம் ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். தேய்த்த காசை ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் மின்னும். சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை அத்தோடு போச்சு, மிஞ்சுவது உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைதான்.

பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் கை வைக்கலாம். அது மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை விட்ட கசடு. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் என்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். தேய்க்காமல் புது அசிட்டோனில் அலசித் தானாகக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. காய்ந்ததும் பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பழைய உறையைத் தூக்கி எறியுங்கள்.