40 நிமிடத்தில் பிள்ளைகள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்

வருகைப் பதிவேட்டுக்கு அடியில் செல்போனை வைத்து என் பாடத்தை நானே பதிவு செய்தேன். ஏழாம் வகுப்பு, முதல் பீரியட், ஆங்கிலம். அன்று மாலை தளியிலிருந்து ஓசூர் வரும் பேருந்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முடிவதற்குள் இரண்டு முறை நிறுத்திவிட்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

40 நிமிடத்தில் 33 நிமிடம் நான்தான் பேசியிருக்கிறேன். ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிக்கிறேன், உடனே தமிழில் பொருள் சொல்கிறேன், "அண்டர்ஸ்டாண்ட்?" என்கிறேன், "யெஸ் மிஸ்" என்று கோரஸ் வருகிறது. அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். அந்தப் பீரியட் முழுக்க ஒரு பிள்ளை தானாகப் பேசிய முழு ஆங்கில வாக்கியம் ஒன்றுதான்: "மே ஐ கம் இன் மிஸ்?" பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வந்த பையன் வாசலில் நின்று கேட்டது அது.

அப்போது எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். வட்டார வள மையம், குறுவள மையம், 'டயட்' எனப்படும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்று போகாத பயிற்சி இல்லை. இரண்டு முறை நானே கருத்தாளராக நின்று, மாணவர் மையக் கற்பித்தல் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் பாடக்குறிப்பில் குழுச் செயல்பாடு, இணைச் செயல்பாடு எல்லாம் அழகாக எழுதப்பட்டிருக்கும். வகுப்பில்தான் எதுவும் நடக்கவில்லை.

பயிற்சிகளைக் குறை சொல்வது எளிது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் கையெழுத்து, பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும், மாலையில் பின்னூட்டப் படிவம், குரூப் போட்டோ. நடுவில், "விரிவுரை முறையைக் கைவிடுங்கள்" என்று ஒருவர் இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றுவார். ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி பெரும்பாலும் தமிழிலேயே நடக்கும். அதற்குக் காரணம் உண்டு. எங்களில் பலர் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் நோட்ஸ் பார்த்து ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர்கள். ஆங்கிலத்தில் பேச எங்களுக்கு ஆளே கிடைத்ததில்லை. சக ஆசிரியர் முன்னால் ஒரு வினைச்சொல் தப்பாக வந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் வாயே திறப்பதில்லை. அதே பயத்தோடு பிள்ளைகளைப் பார்த்து, "பயப்படாமல் பேசு" என்கிறோம்.

ஆன்லைன் கோர்ஸும் அப்படித்தான். ஒளித்துக்கொள்ள என்ன இருக்கிறது, வீடியோவை மியூட்டில் ஓடவிட்டுவிட்டு நான் களி கிண்டியிருக்கிறேன். கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிடும். ஆசிரியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையைப் பற்றிய சண்டை தனி. எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தை 'இரண்டாம் மொழி' என்று எழுதுகிறோம். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. ஓசூர் டவுனில் உருதும் சேர்ந்துகொள்ளும். பள்ளியில் தமிழ். அதற்கப்புறம்தான் ஆங்கிலம், மூன்றாவதா நான்காவதா என்று பிள்ளையைக் கேட்டால்தான் தெரியும். முன்பு பாலக்கோட்டில் வேலை பார்த்தபோது செய்ததையே இங்கே வந்தும் செய்தேன். தமிழில் பொருள் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். சில பிள்ளைகளுக்கு அந்தத் தமிழே பாதிதான் புரிந்தது.

நோட்டுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். ஆட்டுக்கும் 'கோட்', போட்டுக்கொள்ளும் கோட்டுக்கும் 'கோட்'. கரடிக்கும் 'பேர்', பேரிக்காய்க்கும் 'பேர்'. ஆடு மேய்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து வாசித்தாள். அவள் வாசித்தபடி பார்த்தால் அவள் அப்பாவிடம் 12 கோட்டுகள் இருந்தன. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். குற்றம் பிள்ளையுடையதல்ல, தமிழ் எழுத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து. தெலுங்கிலும் கன்னடத்திலும் தனித்தனி எழுத்துகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதுக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபட்டது. எந்நேரமும் கடைசி பெஞ்சில் உட்காரும் தெலுங்குப் பெண்ணை முன்னால் அழைத்து, யார் ஆடு சொன்னார்கள், யார் கோட்டு சொன்னார்கள் என்று தீர்ப்புச் சொல்ல வைத்தேன். அவள் அன்று நிமிர்ந்து நின்ற மாதிரி அதற்கு முன் நின்றதில்லை. சென்னையில் அச்சாகும் பயிற்சிக் கையேட்டில் இது இருக்காது. நம் வகுப்பு நோட்டிலிருந்துதான் இதைப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

ஒரு பயிற்சி மட்டும் என்னை மாற்றியது. பெங்களூரில் தென்மாநிலங்களுக்கான வட்டார ஆங்கில நிறுவனம் 1963 முதல் இயங்குகிறது. அங்கே தங்கிப் படித்த 30 நாளும் ஆங்கிலத்தில் பேசியே ஆகவேண்டியிருந்தது. நான்காம் நாள் அழுதேன், பத்தாம் நாள் சண்டை போட்டேன், அதுவும் ஆங்கிலத்தில். ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ். பிரபு பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் அவர் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தை முதலில் சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணை போன்ற ஒன்றைக் கொடுத்து, ஒரு கணக்கைத் தீர்க்கச் சொல்வது. தீர்க்கும் வழியில் மொழி வந்து சேரும் என்பது அவர் எண்ணம். 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர், கெட்ட முறையைவிட, யோசிக்காமல் பழக்கத்தில் பாடம் நடத்துவதே பெரிய எதிரி என்ற கருத்தைச் சொன்னார். எனக்கு அந்தப் பேருந்துப் பயணம் ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பி அதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை, பஸ்தான். பாதிப் பேருக்கு ஓசூர் பஸ் நேரம், மீதிப் பேருக்குத் தேன்கனிக்கோட்டை பஸ் நேரம். கேட்டுக் கேட்டு, பாட்டி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச்சேரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் படுதோல்வி. காகிதத்தை மாற்றிக்கொண்டு கன்னடத்தில் பேசி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மறுநாள் முதுகுக்கு முதுகு உட்கார வைத்தேன். "வாட் டைம் தேன்கனிக்கோட்டை பஸ்?" என்று ஒரு குரல் வந்தது. இலக்கணம் இல்லைதான். சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பதிவு செய்து கேட்க நினைப்பவர்களுக்கு: தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குரல் மட்டும் போதும், வீடியோ வேண்டாம். யாருக்கும் அனுப்பாதீர்கள், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் முதலில் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. நான் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, நானே பதிலும் சொல்லியிருந்தேன். மனசுக்குள் மூன்று எண்ணுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள்.

நம் ஆங்கிலத்துக்கும் தீனி வேண்டும். இராயக்கோட்டையில் ஒரு சார், பாலக்கோட்டில் ஓர் அக்கா, நான். வாரத்தில் மூன்று இரவு வாட்ஸ்அப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் குரல் செய்தி. அன்று வகுப்பில் சொதப்பியது எதையாவது சொல்ல வேண்டும், கேட்காமல் யாரும் திருத்தக் கூடாது. முதல் மாதம் சார் எழுதி வைத்து வாசித்தார். இப்போது பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் 1974இல் சென்னையில் தொடங்கிய 'எல்டாய்' என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் இருக்கிறது, உறுப்பினராகலாம்.

போன மாதம் மறுபடியும் பதிவு செய்தேன். 40க்கு 24 நிமிடம் இன்னும் என் குரல்தான். 31ஆவது நிமிடத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு நான் போர்டில் எழுதிய பஸ்ஸைப் பார்த்து ஒரு பையன் குறுக்கே பேசுகிறான்: "நோ மிஸ், தட் பஸ் நாட் கம் சண்டே."

டிப்போவில் விசாரித்தேன். அவன் சொன்னதுதான் சரி.