ட்ரூ கிரைம்: சொல் விளக்கம்

நிஜத்தில் நடந்த குற்றத்தைப் புத்தகமாகவோ பாட்காஸ்டாகவோ படமாகவோ திரும்பச் சொல்லும் வகைக்கு ட்ரூ கிரைம் என்று பெயர். ‘கிரைம்’ லத்தீன் ‘கிரிமென்’ வழியாக வந்தது. அங்கே அதற்குக் குற்றச்சாட்டு என்ற பொருளும் உண்டு. அமெரிக்காவில் 1924-இல் தொடங்கிய ட்ரூ டிடெக்டிவ் போன்ற இதழ்கள் இவ்வகையைப் பரப்பின. இப்போது ஓடிடி தொடர்கள்.

தமிழில் ‘உண்மைக் குற்றம்’ என்கிறார்கள். பொய்க் குற்றம் என்று தனியாக ஒன்று இருப்பதுபோல் ஒலிக்கிறது. படத்துக்குக் ‘குற்ற ஆவணப்படம்’ என்பதே சரி.

‘ஆவணம்’ இங்கே நன்றாகவே பொருந்துகிறது. பழந்தமிழில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று, உரிமைப் பத்திரம். பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று வழக்காடும் முதியவர் கொண்டுவருவது அதைத்தான். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிட, மூல ஓலை அவைக்கு வருகிறது; கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்பு. இன்னொரு பொருள், கடைத்தெரு. கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றிய படம் இந்த இரண்டில் எந்த ஆவணம்?

நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் இருக்கும் நாடுகளில், அவற்றை வைத்துப் படமெடுக்கக் குடும்பத்தின் சம்மதம் பொதுவாகச் சட்டப்படி தேவையில்லை. ஆனால் அம்மாவின் கடைசி இரவை ஒரு நடிகை நடித்துக் காட்டுவதைப் பிள்ளைகள் செல்போனில் தற்செயலாகப் பார்க்க நேரிடலாம். கொன்றவன் சிறையிலிருந்து பேட்டி கொடுக்கலாம். அவளுக்கு அந்த வாய்ப்பில்லை.

குடும்ப வன்முறை பெரும்பாலும் ஒரே இரவில் நடப்பதல்ல. பணம், போன், தோழிகள் என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்துவது வருடக்கணக்கில் நடக்கும். பிரிந்து போக முயலும்போதும் போன பிறகும்தான் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ‘அன்பான ஜோடி, ஒரே நொடி ஆத்திரம்’ என்று கதையை அமைக்கும் படம் இதை மறைத்து, கொன்றவனின் வாக்குமூலத்தையே பின்னணி இசையோடு திருப்பிச் சொல்கிறது. எவ்வளவு நேர்த்தியாக எடுத்திருந்தாலும் அது கடைத்தெருச் சரக்குதான்.

அப்புறம், ‘விக்டிம்’. லத்தீனில் ‘விக்டிமா’ என்றால் பலியிடப்படும் விலங்கு. நம் செய்திகளில் வரும் ‘பலியானார்’ அதே இடத்தில்தான் நிற்கிறது. செய்தவன் யார் என்ற கேள்வியே அதில் எழாது. உயிரோடு இருப்பவரைப் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றோ, அவரே விரும்பினால் ‘மீண்டவர்’ என்றோ எழுதலாம். இறந்தவரைப் பற்றி ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதுங்கள். தீர்ப்பு வந்திருந்தால் யாரால் என்பதையும் சேர்த்து.