காக்னிடிவ் இம்பேர்மென்ட்: மறதி மட்டுமல்ல

பார்க்கின்சன் நோயாளியின் மருத்துவ அறிக்கையில் ‘மைல்டு காக்னிடிவ் இம்பேர்மென்ட்’ என்று எழுதியிருந்தால், வீட்டில் அதை ‘லேசான ஞாபக மறதி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

காக்னிஷன் என்பதன் வேர் ‘காக்னோஸ்கெரே’ என்ற இலத்தீன் வினை. அறிந்துகொள்வது என்று பொருள். கவனிப்பது, நினைவில் வைப்பது, திட்டமிடுவது, சரியான சொல்லைத் தேடி எடுப்பது, இடத்தையும் வடிவத்தையும் கணிப்பது எல்லாமே இதற்குள் அடக்கம். தமிழில் இதைப் ‘புலனுணர்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருந்தவே பொருந்தாது. புலன் என்றால் கண், காது, மூக்கு வகையறா. தொல்காப்பியமே மனத்தை அவற்றிலிருந்து பிரித்து ஆறாவதாகத் தனியே வைக்கிறது. ‘அறிவாற்றல்’ புத்திசாலித்தனத்தின் பக்கம் சாய்கிறது. “அப்பாவுக்கு அறிவாற்றல் குறைந்துவிட்டது” என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ‘அறிதிறன்’ நல்ல சொல்.

இம்பேர்மென்ட்டுக்கு வேர், ‘மேலும் மோசமான’ என்று பொருள்படும் ‘பேயோர்’. அதாவது முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்குவது. ‘குறைபாடு’ என்றதும் பிறவிக் குறைபாடும் இரும்புச்சத்துக் குறைபாடும்தான் நினைவுக்கு வருகின்றன. இறங்குமுகம் அதில் தெரிவதில்லை. அதனால் என் தேர்வு ‘அறிதிறன் நலிவு’. ‘அறிதிறன் குறைபாடு’ ஏற்கெனவே பரவிவிட்டது, சரி, அப்படி எழுதினாலும் குடி முழுகிவிடாது. ஆனால் ‘மைல்டு’ என்பதை ‘மிதமான’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். மிதம் நடுத்தரம், இது இலேசானது.

1817இல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றே எழுதினார். நடுக்கமும் விறைப்பும்தான் நோய் என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. இயக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் பார்க்கின்சனில் வரும் டிமென்ஷியாவுக்கு (அன்றாட வாழ்க்கையே தடைபடும் அளவுக்கு அறிதிறன் நலிந்த நிலை) 2007இலும், இலேசான நலிவுக்கு 2012இலும் வரையறை வகுத்தது.

முதற்கட்டமாக நலிவைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுவது 2005இல் வெளியான ‘மோக்கா’ (மான்ட்ரியல் காக்னிடிவ் அசெஸ்மென்ட்) தேர்வு. மொத்தம் 30 மதிப்பெண்; 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதில் ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். எண்கள் ஒரு பக்கமாக நெருக்கியடித்து நின்றால் திட்டமிடுவதில் சிக்கல் இருக்கலாம். பார்க்கின்சனில் பலருக்கும் முதலில் தடுமாறுவது இதுதான். கவனமும் யோசிக்கும் வேகமும் கூடவே குறையும். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கேட்கும் பகுதியும் உண்டு. தானாக வராத சொல், “அது ஒரு பூ” என்று துப்பு கொடுத்ததும் பலருக்கு வந்துவிடும். சொல் உள்ளேதான் இருக்கிறது, எடுப்பதில்தான் தடை. அல்சைமர் என்ற மறதிநோயில் பெரும்பாலும் துப்பும் அவ்வளவாக உதவாது.

ஆனால் மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கை நடுங்கினால் கோடு கோணும். முகபாவம் குறைந்து குரலும் தேய்ந்துவிட்டால் ஆளே மந்தமாகத் தெரிவார். அதனால் மருந்து நன்றாக வேலைசெய்யும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். மனச்சோர்வும் தூக்கக்கேடும் மதிப்பெண்ணை இறக்கும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்ற மருந்துகளே நினைவை மங்கச் செய்வதுண்டு.

அப்புறம், இலேசான நலிவு எங்கே முடிகிறது, டிமென்ஷியா எங்கே தொடங்குகிறது? அன்றாட வேலைகளைத் தானே நடத்திக்கொள்ள முடிகிறதா என்பதே எல்லைக்கோடு. கை நடுக்கத்தால் பொத்தான் போட முடியாமல் போவது இந்தக் கணக்கில் வராது. எந்த மாத்திரை, எத்தனை, எந்த நேரத்துக்கு என்று நோயாளியையே விவரிக்கச் சொல்வது மருத்துவர்கள் கையாளும் ஒரு வழி. துணைக்கு வந்தவர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண்.