காபரேற்றரைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய கார் இழுக்கவில்லை, சும்மா நிற்கும்போது நடுங்குகிறது, பெற்றோல் குடிக்கிறது என்றால் உடனே காபரேற்றரில் கைவைப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரும்பாலும் அது தவறான இடம். காற்றோடு பெற்றோலை அளவாகக் கலந்து கொடுப்பதுதான் காபரேற்றரின் வேலை. அந்தக் கலவை சரியா என்பதை எஞ்சின் ஓடும் விதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வால்வு முழுதாக மூடாத, தீப்பொறி நேரத்துக்கு விழாத எஞ்சின் எந்தக் கலவையைக் கொடுத்தாலும் ஒழுங்காக ஓடாது.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் நண்பன் ஒருவனிடம் மொறிஸ் மைனர் ரவலர் நிற்கிறது. 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த ஸ்ரேசன் வாகன் இது. பின்பாதி உடலைத் தாங்குவது மரச்சட்டம். "மச்சான், காபரேற்றரை மாத்தினால் சரிவருமோ?" என்று கேட்டான். முதலில் வால்வு, பிறகு பொயின்ற் (மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுக்கும் சிறு சுவிச்), அதற்குப் பிறகு ரைமிங் (பொறி விழும் நேரம்), எல்லாம் முடிந்த பின்தான் காபரேற்றர் என்றேன். ஒவ்வொன்றும் முந்தியதில் தங்கியிருப்பதால்தான் இந்த வரிசை.

வால்வுக்கும் அதைத் தள்ளும் றொக்கர் கைக்கும் நடுவே, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.30 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். சூடானால் உலோகம் நீளும். இடம் விடாவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. புகைபோக்கி வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை அந்த இருக்கை வழியாகத்தான் இறக்கிவிடுகிறது. உட்காராத வால்வு எரிந்துபோகும்.

இந்த எஞ்சினில் எட்டு வால்வுகள். எதைச் சரிசெய்வது என்பதற்கு அழகான கணக்கு ஒன்று உண்டு: முதலாவது முழுதாகத் திறந்து நிற்கும்போது எட்டாவதைப் பாருங்கள், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இந்தச் சோடிகளைத் திறக்கவைக்கும் காம் மேடுகள் தண்டில் நேர் எதிரெதிராக இருப்பதால், ஒன்று உச்சத்தில் நிற்கும்போது மற்றது முற்றாக ஓய்ந்திருக்கும்.

அடுத்தது பொயின்ற். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொயின்ற் மூடியிருக்கும்போது 12 வோல்ற் பற்றரியின் மின்னோட்டம் கொயில் என்னும் கம்பிச்சுருளின் முதற்சுற்றில் ஓடி ஒரு காந்தப்புலத்தைக் கட்டியெழுப்புகிறது. பொயின்ற் திறந்ததும் ஓட்டம் அறுந்து காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ற்றைத் தூண்டி, பிளக்கின் இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறிய கொண்டென்சர், பொயின்ற் திறக்கும் இடத்தில் மின்வில் எழாமல் தடுத்து அந்தச் சரிவை வேகமாக்குகிறது. அது பழுதானால் பொயின்ற் கருகும், பொறி மெலியும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இதெல்லாம் ஒரு வினாடியில் 100 தடவை நடக்கிறது!

பொயின்ற் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். கூடினால் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் குறையும், கொயில் நிரம்பாது. அதோடு பொயின்ற் முந்தித் திறக்கும் என்பதால் ரைமிங்கும் தானாக மாறிவிடும். ரைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பொயின்ற்றைத் தொட்டால் வைத்த ரைமிங் வீண்.

சரி, ரைமிங் எதற்கு? பொறி விழுந்ததும் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை, சுவாலை பரவ நேரம் எடுக்கிறது. 3000 சுற்றில் ஒரு மில்லிவினாடிக்குள் கிராங்க் தண்டு 18 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்தவேண்டும். அதை, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு எடைக்கட்டிகள், சுழற்சியில் வெளிப்பக்கம் விரிந்து பார்த்துக்கொள்கின்றன.

இவ்வளவும் முடிந்தால் காபரேற்றருக்கு வரலாம். இதில் உள்ளது எஸ்யூ வகை. எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு ஏற்ப அதற்குள்ளேயே ஒரு பிஸ்டன் எழும்பித் தாழ்கிறது, அதில் தொங்கும் கூர்ந்த ஊசி பெற்றோல் வரும் ஜெற்றின் வாயைத் திறந்து மூடுகிறது. சூடான எஞ்சினில் அந்தப் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தடுமாறி நிற்கப்பார்த்தால் குறைவு. ஒருகணம் சற்றே கூடி மறுபடி அடங்கினால் சரி. மேலே உள்ள சிறு கிணற்றில் எண்ணெய் வற்றியிருந்தால், அக்சிலேற்றரை மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளியெழும்பி, கலவை மெலிந்து, கார் ஒருகணம் மூச்சுத் திணறும். நண்பனுடைய காரில் அந்த எண்ணெய் சொட்டும் இல்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடியதும் இதே விதிகளை வளைத்துத்தான். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் அப்படி ஆகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது தானாகவே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு, குறைவு; அதனால் எஞ்சின் தட்டும். அதற்கு மருந்து ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், வளையங்களும் தேயும். புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல, கராஜில் நின்ற மெக்கானிக்மார் கையாலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

இன்றும் எங்கள் பழைய கார்களை வருத்துவது இன்னொன்று: ரேடியேற்றருக்குள் ஊற்றும் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதில் ஊறிவரும் தண்ணீரில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. கேத்தில் அடியில் காணும் வெள்ளைப் படிவு இதுதான். எஞ்சினுக்குள் அது மிகச் சூடான இடங்களில், முக்கியமாகப் புகைபோக்கி வால்வுகளைச் சுற்றி, ஒட்டிக்கொள்கிறது. இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே அது வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டர் தலை சூடேறி எஞ்சின் தட்டும்போது நாங்கள் ரைமிங்கைக் குறைசொல்கிறோம்.

நண்பனின் ரேடியேற்றரைத் திறந்து வடித்தபோது வந்தது வெள்ளைக் கலங்கல். சித்திரிக் அமிலக் கரைசல் விட்டுக் கழுவினோம். காபனேற்றை அமிலம் கரைக்கும், ஆனால் நீண்ட நேரம் விட்டால் உலோகத்தையும் அரிக்கும். நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, கலந்து விற்கும் கூலன்ற்றை ஊற்றினோம். குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதே, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் காரிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.