விரலை எப்போது எடுப்பது? ஓர் ஆர்கன் ஆல்பத்துக்குள் இருக்கும் அறிவியல்

பியானோவில் கட்டையை ஓங்கித் தட்டினால் சத்தம் பெரிதாக வரும், மெல்லத் தொட்டால் மெல்ல வரும். ஐரோப்பியத் தேவாலயங்களில் சுவர் உயரத்துக்கு நிற்கும் பைப் ஆர்கனில் அந்தப் பேச்சே இல்லை. குழந்தை அழுத்தினாலும் பயில்வான் அழுத்தினாலும் குழலில் வரும் ஒலி ஒரே அளவுதான். அழுத்தியிருக்கும் வரை ஒலிக்கும், விரலை எடுத்தால் நிற்கும். அப்படியென்றால், இருபது சொச்சம் வயதுள்ள ஓர் ஆர்கன் கலைஞர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைத் தன் முதல் தனி ஆல்பமாகப் பதிவு செய்தால், அதில் அவருடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?

விரலை எடுக்கும் நேரம் இருக்கிறது. கிட்டத்தட்ட அது மட்டும்தான். அதையும் அவருக்கு முழுதாக விட்டுக்கொடுக்காமல் கட்டிடம் பங்குக்கு வந்துவிடும்.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடலாம். ஆர்கனின் உயிர் காற்று. முன்பெல்லாம் ஆட்கள் துருத்தி மிதித்தார்கள், இப்போது மின்விசிறி ஊதுகிறது. ஊதிய காற்று ஒரு பெரிய துருத்திப் பையில் சேரும். பையின் மேல் வைத்த எடைகள் அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்கும். இவ்வளவு பெரிய கருவிக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு டம்ளர் தண்ணீரின் அடிவரை ஸ்ட்ராவை விட்டு ஊதிக் குமிழி வரவழைக்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான். பழைய ஆர்கன்களில் 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே போதும். ஆர்கனுக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, வற்றாத காற்று.

அந்தக் காற்று குழல்களுக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டிக்கு வருகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் பெட்டிக்குள் ஒரு சிறிய மூடி உண்டு. கட்டையை அழுத்தினால் மூடி திறக்கும். ஆனால் ஒரே கட்டைக்கு மேலே பல குழல்கள் வரிசையாக நிற்கின்றன. எந்த வரிசை ஒலிக்கலாம் என்பதை வாசிப்பவரின் இருபக்கமும் இருக்கும் குமிழ்கள் முடிவு செய்யும். இவற்றுக்கு ஸ்டாப் என்று பெயர். குமிழை இழுத்தால் துளையிட்ட பலகை ஒன்று நகர்ந்து அந்த வரிசைக்கு வழிவிடும். சத்தத்தைக் கூட்டவும் ஒலியின் நிறத்தை மாற்றவும் இதுவே முக்கிய வழி. கட்டையும் மூடியும் நேரடியாக இணைந்திருக்கும் மெக்கானிக்கல் ஆர்கனில் கட்டையை இறக்கும் வேகத்தால் ஒலி பிறக்கும் முதல் கணத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். எவ்வளவு மாறும் என்பதில் சண்டை உண்டு.

குழல்களில் இரண்டு சாதி. ஒன்று புல்லாங்குழலின் உறவு: காற்று மெல்லிய தகடுபோல ஒரு பிளவிலிருந்து வெளிவந்து எதிரே இருக்கும் உதட்டில் மோதி உள்ளும் புறமும் ஆடும். அந்த ஆட்டத்துக்குக் குழலின் நீளம் தாளம் சொல்லும். இன்னொன்று ஆர்மோனியத்தின் உறவு: பித்தளை நாக்கு ஒன்று துடித்து ஒலி எழுப்ப, மேலே நிற்கும் குழல் அதற்குக் குரல் கொடுக்கும். இதை ரீட் என்பார்கள்.

நீளக் கணக்கு எளிது. 8 அடித் திறந்த குழல் சுமார் 65 ஹெர்ட்ஸ் ஒலி தரும். நீளம் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி இறங்கும்: 16 அடிக்கு 33, 32 அடிக்கு 16 ஹெர்ட்ஸ். இந்தக் கடைசிக் குழல் நம் காது கேட்கும் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. அதைக் கேட்பதை விட உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் உணர்வதுதான் அதிகம். இடம் போதாத தேவாலயத்தில் குழலின் மேல்முனையை அடைத்துவிடுவார்கள், பாதி நீளத்திலேயே அதே சுருதி வந்துவிடும். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளொடுங்கியிருக்கும்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். வயலின்காரர் தன் வயலினோடு ஸ்டூடியோவுக்குப் போவார். ஆர்கன் கலைஞர் கருவி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். எனவே முதல் ஆல்பத்தின் முதல் முடிவு எந்தப் பாட்டு என்பதோடு நிற்பதில்லை, எந்தக் கட்டிடம் என்பதும் அதில் அடக்கம். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத் தேவாலயத்தில் 1738-ல் கட்டி முடித்த ஆர்கனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள் இருக்கின்றன. பத்து வயது மொஸார்ட் 1766-ல் வாசித்த கருவி அது. அங்கே பதிவு செய்ய யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் பெரியதே நல்லது என்று இல்லை. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் லூபெக்.

அந்த ஊர் மரியா தேவாலயத்தில்தான் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் புக்ஸ்டஹூட வாசித்தார். அவர் வாசிப்பைக் கேட்க 1705-ல் பாக் 400 கிலோமீட்டர் தூரம் நடந்தே வந்தார். 1942 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் அந்தத் தேவாலயத்தின் ஆர்கன்கள் எரிந்து போயின. கொஞ்ச தூரத்தில் இருக்கும் யாக்கோபு தேவாலயம் தப்பியது. அங்கே ஸ்டெல்வாகன் என்பவர் 1637-ல் விரிவாக்கிய சிறிய ஆர்கன் ஒன்று இருந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், டாய்ச்ச கிராமபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆர்ஹிவ் வரிசைக்காக ஹெல்முட் வால்ஹா என்ற ஜெர்மன் ஆர்கன் கலைஞர் பாக்கைப் பதிவு செய்ய உட்கார்ந்தது அந்தச் சின்னக் கருவியின் முன்னால்தான்.

வால்ஹா அப்போது நாற்பதை நெருங்கியிருந்தார். பத்தொன்பது வயதிலேயே பார்வையை முழுதாக இழந்தவர். புதிய இசை எதையும் அவர் கற்றுக்கொண்டது இப்படி: யாராவது ஒவ்வொரு குரலையும், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் மெட்டுகள் ஒவ்வொன்றையும், தனித்தனியாக வாசித்துக் காட்டுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் மனதில் ஏற்றி, பிறகு மனதுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வார். பாக்கின் ட்ரியோ சொனாட்டாக்களில் வலக்கைக்கு ஒரு குரல், இடக்கைக்கு ஒன்று, கீழே இருக்கும் பெடல் கட்டைகளை மிதிக்கும் கால்களுக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து குழம்பினால் தீர்ந்தது. வால்ஹாவின் பதிவுகளில் மூன்று பேர் பேசிக்கொள்வது போலத் துல்லியமாகக் கேட்கும். குரலைத் தனித்தனியாகக் கற்றவரின் காது அது என்றே எனக்குத் தோன்றும்.

எப்படித் துல்லியம் வருகிறது? ஸ்வரங்களுக்கு இடையே விடும் மிகச் சிறிய இடைவெளியால். ஒரு ஸ்வரத்தை அழுத்திச் சொல்ல முடியாத கருவியில், அதற்கு முந்தையதைச் சற்றுச் சீக்கிரம் விட்டுவிட்டால், அடுத்தது தானாக எடுப்பாகத் தெரியும். ஆனால் அந்த மௌனம் எவ்வளவு நீளம்? இங்கேதான் கட்டிடம் குறுக்கே வருகிறது. பெரிய கல் தேவாலயத்தில் எதிர்முழக்கம் ஐந்தாறு நொடிகூட நீடிக்கும். விரல் எடுத்த பின்னும் ஒலி சுவர்களில் அலைந்துகொண்டே இருக்கும். வீட்டில் சரியாக இருந்த இடைவெளி அங்கே நிரம்பிக் காணாமல் போகும். அதைப் பெரிதாக்க வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரெஞ்சு ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான விடோர் 1932-ல், 88-வது வயதில், பாரிஸின் சான்-சுல்பிஸ் தேவாலயத்தில் டொக்காட்டா என்ற தன் புகழ்பெற்ற, விறுவிறுப்பான படைப்பைத் தானே பதிவு செய்தார். இன்றைய இளைஞர்கள் வாசிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது நடைப்பயிற்சி. வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே கட்டிடத்தில் வாசித்தவருக்கு அதன் பொறுமை தெரிந்திருக்கும் அல்லவா?

இன்னொரு சிக்கல், வாசிப்பவரின் காதுக்குப் பக்கத்திலேயே குழல்கள் இருப்பதால் கீழே இருப்பவருக்குக் கேட்பது அவருக்குக் கேட்காது. 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரை ஒலி போய்ச் சேரப் பத்தில் ஒரு நொடி ஆகும், அதுவும் எதிரொலிகளோடு கலந்து. எனவே கீழே ஹெட்போன் மாட்டிய ஒருவர் வேண்டும், மைக்கை எங்கே நிறுத்துவது என்பதும் அவர் பாடு. பக்கத்தில் வைத்தால் கட்டைகளின் டக்டக்கும் விசிறியின் மூச்சும் பதிவாகும், தேவாலயம் காணாமல் போகும். தூரத்தில் வைத்தால் கம்பீரம் வரும், இளைஞர் மாதக்கணக்கில் பழகிய அந்த இடைவெளிகள் மூழ்கும். அறிமுக ஆல்பங்கள் பலவற்றில் நான் காணும் குறை இதுதான். கம்பீரத்துக்கு ஆசைப்பட்டு ஆளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

பதிவு பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பகலில் தெருவில் பஸ் ஓடும், உள்ளே ஆட்கள் வருவார்கள். ஓரிரவில் முடியாது, அடுத்த இரவும் வேண்டும். இங்கே வெப்பநிலை தன் வேலையைக் காட்டும். காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் ஏறுவதால், புல்லாங்குழல் சாதிக் குழல்களின் சுருதியும் ஏறும். ஐந்து டிகிரி மாறினால் அரை ஸ்வரத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு. பித்தளை நாக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. விளைவு, நேற்று ஒன்றாக இருந்த இரண்டு சாதியும் இன்று உரசிக்கொள்ளும். நேற்றைய பாதியையும் இன்றைய பாதியையும் ஒட்டினால் ஒட்டு பல்லிளிக்கும்.

ஒட்டுவதிலேயே இன்னொரு கண்ணி. பாட்டின் நடுவில் தப்பு வந்தது, அந்த இடத்திலிருந்து மறுபடி வாசித்தார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவில் அந்த இடத்தில் முந்தைய ஸ்வரங்களின் முழக்கம் மிதந்துகொண்டிருக்கும், புதிய பதிவில் பின்னால் வெறும் நிசப்தம். ஒட்டினால் தேவாலயம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது போல இருக்கும். அதனால் சில தாளச் சுற்றுகள் முன்னாலிருந்தே தொடங்கி, கட்டிடத்தை நிரப்பிக்கொண்டு, அப்புறம்தான் தப்பான இடத்தைத் தாண்டுவார்கள்.

இவ்வளவும் செய்த ஆல்பத்தை நாம் போனில் கேட்கிறோம். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 16 ஹெர்ட்ஸைத் தொடக்கூட முடியாது. அடிச் சுருதியோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் ஹார்மோனிக்குகளை வைத்து, விடுபட்ட அடிச் சுருதியை மூளையே ஊகித்துக் கொள்கிறது, முழுதாக அல்ல. நல்ல ஹெட்போன் இருந்தால் எந்தப் பாட்டின் கடைசி ஸ்வரத்தையும் கேட்டுப் பாருங்கள். விரல் எடுத்தாகிவிட்டது. பெஞ்சில் இருக்கும் இளைஞர் காலை பெடலிலிருந்து நகர்த்தவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. விசிறியின் மெல்லிய இரைச்சலுக்கு மேல் கட்டிடம் இன்னும் ஆறு நொடி வாசித்துக்கொண்டிருக்கிறது.