குறிப்பிட்ட கற்றல் குறைபாடு: உதிர்ந்துபோகும் முதல் சொல்

“வாயில கேட்டா எல்லாஞ் சொல்றானுங்க சார், எழுதச் சொன்னாத்தான் எழுத மாட்டீங்கறான்.” கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் பேச வரும் பெற்றோர் பலரும் சொல்வது இதுதான். இந்தக் குழப்பத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. அப்போது சேர்ந்தவற்றுள் ஒன்றுதான் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’. டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் இடர்), டிஸ்கிராஃபியா (எழுத்தில் இடர்), டிஸ்கால்குலியா (கணக்கில் இடர்) எல்லாம் இதற்குள் அடங்கும்.

பேச்சில் ‘குறிப்பிட்ட’ உதிர்ந்துவிடுகிறது. ‘கற்றல் குறைபாடு’ என்று மட்டும் கேட்பவருக்குப் பிள்ளைக்கு எதுவுமே ஏறாது என்றுதான் தோன்றும். அறிவுசார் குறைபாடு வேறு. இது வேறு: அறிவுத்திறன் வயதுக்கேற்ப இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ பிடிபடாது. இரண்டுக்கும் சான்றிதழ் தனி, பயிற்சியும் தனி. படிப்பில் பின்தங்குபவரைக் குறிக்கப் பள்ளிகளில் புழங்கும் ‘மெல்ல மலரும் மாணவர்’ என்ற அழகான பெயருக்கோ சட்டத்தில் இடமே இல்லை. பள்ளி போடும் அந்த ‘மெல்ல மலரும்’ பட்டியலில் மட்டும் இருப்பவருக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் கிடைக்கும், தேர்வுச் சலுகை கிடைக்காது.

டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை 1880களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். மூளைப் பாதிப்பால் வாசிக்கும் திறன் குலைந்த பெரியவர்களுக்காக அவர் வைத்த பெயர், பின்னாளில் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. கண் மருத்துவர் வைத்த பெயர் என்றாலும் கோளாறு கண்ணில் இல்லை. கண்ணாடி போட்டால் தீராது. (பார்வையையும் செவியையும் சோதித்து, காரணம் அவையல்ல என்று உறுதிசெய்வது கட்டாயம்.) கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் இடர், ‘லெக்ஸிஸ்’ என்றால் சொல். இல்லாமையைக் குறிக்க ‘அ’ என்ற முன்னொட்டு தனியே இருக்கிறது. ஆகவே டிஸ்லெக்ஸியாவைக் ‘கற்றல் இயலாமை’ என்று எழுதுவது பொருந்தாது. மூலத்துக்கு நெருக்கமான தமிழ் ‘வாசிப்பு இடர்ப்பாடு’. வீட்டிலும் வகுப்பிலும் அதைச் சொல்லலாம். விண்ணப்பத்தில் மட்டும் சட்டப் பெயரை முழுதாக எழுத வேண்டும்.

எது இந்த இடர்ப்பாடு அல்ல என்பதில்தான் நம் பக்கத்தில் நிறையத் தவறு நடக்கிறது. பழத்தைப் ‘பளம்’ என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் தம்மளவில் அறிகுறி ஆகா. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளை தமிழில் திணறினால், அது மொழி பழகாததால்கூட இருக்கலாம். நாலாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறது, ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்கிறது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறது, மாதக்கணக்கில் தனியே சொல்லிக் கொடுத்தும் மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம். வட்டார வள மையத்தின் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அரசு மையம்) சிறப்பாசிரியர் பார்க்க வேண்டிய நேரம் அது.

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி எட்டு வயது நிறைந்தபின்தான் சான்று. குழந்தை மருத்துவர் கண், காது, நரம்பு பார்த்தபின், உளவியலாளர் முதலில் அறிவுத்திறனையும் பிறகு பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்பால் கற்றலையும் அளப்பார். 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு உண்டு. சிக்கல் வருவது அந்தப் பதினாலில்தான். எட்டு வயதில் வாங்கிய சான்றைப் பத்திரமாக வைத்திருந்து பத்தாம் வகுப்பில் நீட்டுவார்கள். அது காலாவதியாகியிருக்கும். பையன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் கேட்க முடியும். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் பிந்திவிடும். இன்னொன்று, எழுத ஆள் கிடைத்ததாலேயே மதிப்பெண் வந்துவிடாது. விடையைக் கோவையாகச் சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அதே முறையில் எழுதிப் பழகாத பிள்ளை பொதுத்தேர்வு அறையில் வாயடைத்து உட்கார்ந்துவிடும்.

உயர்கல்வியில் அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்கள் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். அதைக் கோர 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று தேவை. சான்றிதழ் கைக்கு வந்ததும், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே, குறைபாட்டின் வகை எழுதிய வரியைப் படித்துப் பாருங்கள். அங்கே ‘அறிவுசார்’ என்று மாறி விழுந்திருந்தால் அங்கேயே திருத்தி வாங்குவது எளிது.