வளிமம் (எரிவாயு அல்ல)

‘விண்மீன் மண்டலத்தில் எரிவாயு அதிகமாக இருந்தால் விண்மீன்களும் அதிகமாக உருவாகும்.’ தமிழில் வானியல் செய்தி படிக்கிறவர்கள் இந்த வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பார்கள். சிலிண்டர் விலை ஏறினால் வானத்தில் என்ன ஆகும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆங்கில ‘கேஸ்’தான் (gas) இங்கே எரிவாயு ஆகியிருக்கிறது. அது 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் படைத்த சொல். கிரேக்க ‘காவோஸ்’தான் (chaos) அதற்கு மூலம். எரிதல் அதில் எங்கும் இல்லை. தமிழில் வளி என்றால் காற்று. தொல்காப்பியத்திலேயே ஐம்பூதங்களில் ஒன்று. திண்மம், நீர்மம் என்ற வரிசையில் மூன்றாவதாக வளிமம். அவ்வளவுதான்.

இனி எரிவாயு. அடுப்புக்கு வருவதற்கு அது அருமையான சொல், அங்கேயே இருக்கட்டும். விண்மீன் மண்டலங்களில் பரவிக் கிடப்பது எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், மீதி பெரும்பாலும் ஹீலியம். ஹீலியத்தை எந்த அடுப்பிலும் பற்றவைக்க முடியாது. ஹைட்ரஜன் எரியுமே என்றால், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். விண்மீன் ஒளிர்வதோ எரிவதால் அல்ல, அணுக்கருக்கள் பிணைவதால். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு: விண்மீன் உருவாகத் தொடங்கும் இடம் சூடான இடமே இல்லை. விண்மீன்கள் பிறக்கும் மூலக்கூறு மேகங்களின் (பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளால் ஆனவை) உட்பகுதியில் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில்தான் வளிமம் தன் ஈர்ப்பிலேயே சுருங்கும். எம்87 மண்டலத்தில் ஒரு கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கும் வளிமம் ஏராளம். புது விண்மீன்களோ அபூர்வம். ‘எரி’ என்ற ஒட்டு வாசகரை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிடுகிறது.

வாயு போதாதா என்பார்கள். போதும், சண்டைக்கு வரமாட்டேன். பள்ளிப் புத்தகத்தில் படித்து வளர்ந்த சொல். ஆனாலும் வாயு என்றதும் பாதிப் பேருக்கு வயிறுதான் நினைவுக்கு வரும். வளிமத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு அகராதியின் முதல் சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. ‘அணு எரிவாயு’ என்றும் படித்தாகிவிட்டது. அணுகுண்டு சமாச்சாரம் போலும் என்று நினைத்தால், அணுநிலை ஹைட்ரஜனாம், அதாவது தனித்தனி அணுக்களாக இருக்கும் ஹைட்ரஜன். இங்கே சொல் தவறினால் விஷயமே போய்விடும். வளிமத்தின் அடர்த்தியைப் பொறுத்தே விண்மீன் உருவாகும் வேகம் அமைகிறது என்று 1959-இல் சொன்னவர் வானியலாளர் ஷ்மிட். 1998-இல் கெனிகட் என்ற வானியலாளர் பல மண்டலங்களை ஒப்பிட்டு, அடர்த்தி இரட்டித்தால் வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டும் என்று காட்டினார். அப்புறம் 2008-இல், அருகிலுள்ள சுருள் மண்டலங்களைப் பகுதி பகுதியாக அளந்தபோது, வேகம் மூலக்கூறு ஹைட்ரஜனோடுதான் (இரண்டிரண்டு அணுக்களாக இணைந்தது) ஒட்டிப் போகிறது என்று தெரிந்தது. இதே வேகத்தில் போனால் அந்த மூலக்கூறு ஹைட்ரஜன் இருப்பு தீர ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆகும். வெளி விளிம்புகளில் அணுநிலை ஹைட்ரஜன் நிறையக் கிடந்தும் விண்மீன்கள் மெதுவாகத்தான் உருவாகின்றன. இரண்டுக்கும் ‘எரிவாயு’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டு, இந்த வித்தியாசத்தை வாசகருக்கு எந்த வாக்கியத்தில் விளக்கப் போகிறார்கள்?